கால்மாடு உயர்ந்த கட்டில்

மகனே,

உன் கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. பம்பாயில் குடியிருக்க இடம் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வந்து சரசுவையும் காமுவையும் கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். பெண்டாட்டியும் பிள்ளையும் ஒரு ஊரிலும் நீ ஒரு ஊரிலுமாக எத்தனை வருஷம் இருப்பது. உன் அப்பாவுக்கும் சந்தோஷம்தான். காமு போய்விட்டால் உளியையும் கொட்டாப்புளியையும் யார் ஒளித்துவைப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. ஆனால் கடுதாசியின் அடியில் நாலு வரி எழுதியிருக்கிறாயே, அதைப் பற்றித்தான் இந்த நீளக் கடுதாசி. பொம்மிடி அத்தை உனக்கு எழுதினாளாம், பெண் பிள்ளை மட்டும் போதுமா, ஆசாரி வீட்டுக்கு உளி பிடிக்க ஒரு பையன் வேண்டாமா என்று. அதற்கு நீ, 'அத்தை சொல்வதும் சரிதான். அந்தக் கட்டில் நம் வீட்டிலேயே இருக்கிறது. மாசமானால் ஊருக்கு அனுப்பிவைக்கிறேன், இன்னொரு தடவை படுத்து எழுந்தால் ஆயிற்று' என்று எழுதியிருக்கிறாய்.

தபால்காரரிடம் கடுதாசியை வாங்கியது சரசு. என் கைக்கு வரும்போது உறை பிரிந்திருந்தது. "அத்தே, உங்க பையன் எழுதியிருக்காரு" என்று கொடுத்துவிட்டுப் புளி உடைக்கப் போய்விட்டாள்.

இதை ஆண்பிள்ளைக்கு எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத்துக் கூடவேண்டுமே என்றும் யோசித்தேன். பிறகு தோன்றியது, பெற்றவளே சொல்லாவிட்டால் உனக்கு யார் சொல்வார்கள்? நீ வரும்போதெல்லாம் காரியம் முடிந்திருந்தது. முதல் இரண்டு தடவை அழுது முடித்திருந்தோம். மூன்றாம் தடவை சிரித்துக்கொண்டிருந்தோம். நடுவில் என்ன நடந்தது என்று நீயும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதனால்தான் படுத்து எழுந்தால் ஆயிற்று என்று உன்னால் எழுத முடிந்தது. தப்பு உன்மேல் மட்டும் இல்லை.

நம் ஜில்லா சேலத்திலிருந்து பிரிந்த வருஷம் உனக்குப் பெண் தேடினோம். சரசுவை நான் எதைப் பார்த்து எடுத்தேன் தெரியுமா? அவள் கையைப் பார்த்து. மாரியம்மன் பண்டிகையில் வளையல்கார பாய் கடை போட்டிருந்தார். இந்தப் பெண் தன் தங்கைக்கு வளையல் போட வந்தவள், விளையாட்டாகச் சின்னப் பிள்ளை வளையலில் தன் கையை விட்டாள். கட்டை விரல் உள்ளங்கைக்குள் துணி மாதிரி மடங்கிக்கொண்டது, வளையல் வழுக்கிக்கொண்டு மணிக்கட்டுக்குப் போனது. பாய் அசந்துபோனார். "இருபது வருசமா ஏவாரம் பண்றேங்க, சோப்பு போடாம இந்த அளவு ஏறுன பெரிய மனுசி கை இதுதாங்க. இந்தக் கை போற வூடு குளுந்து போவும்" என்றார். மரவேலைக்காரன் வீட்டில் காய்ப்புக் காய்த்த கைகளையே பார்த்தவள் நான். அந்தப் பூப்போன்ற கையைப் பார்த்ததும் வேறெதையும் விசாரிக்கத் தோன்றவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன், என் மருமகள் கை வெண்ணெய் என்று.

முதல் தடவை ஐந்து மாதம் முடிந்து ஆறாவது நடந்துகொண்டிருந்தது. காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் "அத்தே, என்னமோ நனையுதுங்க" என்றாள். வலி இல்லை. முக்கல் முனகல் இல்லை. நான் பாய் விரித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளங்கை நீளத்துக்கு ஆண் குழந்தை, கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. நான் என்ன கேட்டேன் தெரியுமா அந்தப் பெண்ணிடம்? "என்னத்தடி தூக்குன?" என்று கேட்டேன். ஒன்றும் தூக்கவில்லை என்றாள். வலி இல்லாமல் பிள்ளை எப்படி விழும், எதையோ மறைக்கிறாள் என்று நினைத்தேன், அவள் சொன்னதை நம்பவில்லை. இரண்டாம் தடவை ஒரு குடம் தூக்கவிடவில்லை. ஆனால் குந்தி உட்கார்ந்து வேலை செய்தால் பிரசவம் சுலபம் என்று என் மாமியார் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். தினமும் வீடு முழுக்கக் குந்திக்கொண்டே சாணி மெழுகவைத்தேன். அதுவும் ஆறாம் மாதத்தில், அதே மாதிரி, வலியே இல்லாமல் போயிற்று. பொம்மிடி அத்தை வந்து உட்கார்ந்து, "தம்பிக்கு இன்னொண்ணு கட்டி வெச்சிரலாம்" என்றபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஓட்டைப் பானையில எத்தினி ஊத்துனாலும் நிக்குமா" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறச் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது. அவள் கேட்டிருக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவதாக அவள் முழுகாமல் இருந்தபோது, தர்மபுரியில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், பொறுமையாகக் கேட்பார் என்று சொன்னார்கள். கூட்டிப்போனேன். நான்தான் பேசினேன், மாமியார் இருக்கும்போது மருமகள் எப்படிப் பேசுவாள். டாக்டரம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "நீங்க இருங்கம்மா. அந்தப் பொண்ணு சொல்லட்டும்." சரசு தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "வலியே இல்லீங்க டாக்டரம்மா. ரெண்டு தடவையும்." மூன்று வருஷமாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அதை முதன்முதலாக ஒருவர் நம்பினார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் நாடியைப் பிடித்தார், பிடித்தவர் வளையலைப் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன வளையல் எப்படிம்மா ஏறுச்சு?"

எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. "அதைப் பாத்துதாங்க நான் பொண்ணெடுத்தேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சரசுவின் கட்டை விரலை மெல்லப் பின்னால் வளைத்தார். அது மணிக்கட்டைத் தொட்டது. முழங்கையை நீட்டச் சொன்னார்; அது நேராக நிற்காமல் வெளிப்பக்கம் வளைந்தது. "உங்க அம்மாவுக்கும் இப்படியா?" என்று கேட்டார். "ஆமாங்க. எங்கம்மாளுக்கும் மூணு தங்கல" என்றாள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு அந்த அம்மா சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்க" என்றார், தொட்டேன். "கர்ப்பப்பைக்கு ஒரு கழுத்து இருக்கு. அது இந்த மாதிரி கெட்டியா மூடியிருக்கணும். பிரசவ நேரம் வர வர உதடு மாதிரி மெதுவாகி, தானா திறக்கணும். இந்தப் பொண்ணுக்கு அது ஆறாம் மாசமே உதடாயிடுது. பாரம் தாங்காம வழி விட்டுடுது. அதான் வலி இல்லை. உங்க வீட்ல என்ன தொழில்?" மரவேலை என்றேன். "அப்ப வச்சிரம் காய்ச்சுவீங்களே, எதில காய்ச்சுறது?" தோலிலும் எலும்பிலும் என்றேன். கொட்டகையில் அப்பா வெந்நீர்ப் பானைக்குள் சட்டி வைத்து அந்தப் பசையைக் காய்ச்சுகிற நாற்றம் தெரியாதவளா நான், அதற்குப் பயந்துதானே நீயே சின்ன வயதில் தோட்டத்துக்கு ஓடுவாய். "அந்தத் தோல்ல ஒரு சத்து இருக்கே, அதுதான் காய்ச்சினா பசையாகுது. நம்ம உடம்பு முழுக்க அதுதான் இழை இழையா ஓடிக் கட்டிப் பிடிச்சிருக்கு. தோல், நரம்பு, மூட்டு, கர்ப்பப்பைக் கழுத்து, பிள்ளை மிதக்கிற தண்ணிப் பை, எல்லாத்திலயும். சில குடும்பத்தில அது கொஞ்சம் நெகிழ்வாப் பொறந்துடும். கை மெதுவா இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகாது, பயப்படாதீங்க. இவளுக்கு ஆகுது. இதில இன்னும் எங்களுக்கே தெரியாதது நிறைய இருக்கு." கொலாஜன் என்று அதற்குப் பெயராம். மருந்துச் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான்கெழுத்தையும் கூட்டிப் படித்தேன். எந்தக் கையைப் பார்த்து ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனோ, அந்தக் கையிலேயே எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாமல் அந்தப் பெண்ணை ஓட்டைப் பானை என்றிருக்கிறேன்.

ஆட்டுக்கால் சூப்பு கொடுத்தால் அந்தப் பசை கூடுமா என்று கேட்டேன். டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார். "குடுங்க, நல்லதுதான். ஆனா ஆட்டுக்கால் நேரா அங்க போய் ஒட்டிக்காது. நெல்லிக்காய் குடுங்க, அந்தப் புளிப்புச் சத்து இல்லாம உடம்பு இந்தப் பசையைக் காய்ச்ச முடியாது. மத்தபடி இதுக்கு ஒரே வழி, நாலாம் மாசம் கழுத்தைச் சுத்தி ஒரு தையல் போட்டுச் சுருக்குப் பை மாதிரி இறுக்கிடணும். அப்புறம் படுக்கை. கால்மாடு ஒரு சாண் உயரமா இருக்கணும், பிள்ளை பாரம் கீழ அழுத்தாம. தையல் இருக்கும்போது வலி கண்டா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது, இங்க வந்துடணும். பிரிக்காம விட்டா கிழிஞ்சிடும்."

தையல் போட்டாயிற்று. கட்டிலுக்கு அப்பாவிடம் போனேன். "கால்மாடு ஒரு சாண் ஒசரமா ஒரு கட்டில் வேணுங்க." "தலமாடு ஒசரமாத்தான் கேப்பாங்க. இதென்ன தலகீழா?" என்றார். பெண்கள் சமாச்சாரம் அவரிடம் பேசிப் பழக்கமில்லை எனக்கு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வச்சிரத்தில் தொடங்கித் தையல் வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் காய்ச்சிக்கொண்டிருந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்புள்ள, ஒம்பது மாசம் கல்லு மாதிரி புடிக்கணும், பத்தாம் மாசம் யாரும் தொடாம தானா வுடணும். ஒரே பசை ரெண்டு வேலையும் பாக்கணும். எங்க பரம்பரையிலயே எவனும் அப்படி ஒரு வச்சிரம் காய்ச்சுனதில்ல" என்றார். எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்க்கத் துணை நின்றிருக்கிறேன். ஆனால் நல்லபடியாக நடக்கிற ஒவ்வொரு பிரசவமும் எவ்வளவு பெரிய வேலை என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உன்னைப் பெற்றபோது என் உடம்பு அதைத் தானாகச் செய்தது, நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கட்டில் கொட்டகையில் நின்றது. வருகிறவன் போகிறவனெல்லாம் பார்த்தான். தொப்பூர்க் கணவாயில் தினம் லாரி ஓட்டுகிற மாணிக்கம் இருக்கிறானே, அவன் வாய் சும்மா இருக்குமா. "என்னங்க ஆசாரி, ரசமட்டத்த எலி தின்னுருச்சா? நம்ம கணவாய் ரோடு இதவிட மட்டமா இருக்குதுங்களே!" ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்து, ஒரு நூல் பிசகினால் செய்த கதவைத் திரும்பக் கழற்றுகிற மனிதர் உன் அப்பா. "வயசாவுதில்லப்பா, கண்ணு மங்கிப்போச்சு" என்றார், அவ்வளவுதான். கோணல் கட்டில் ஆசாரி என்று பேராயிற்று. அந்தப் பங்குனியில் பிள்ளையார் கோயில் கதவு வேலையை வேறு ஊர் ஆசாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். நம் கோயில் கதவு, உன் பாட்டனார் செய்த நிலை. அப்போதும் காரணத்தைச் சொல்லவில்லை. "சொன்னா அந்தப் புள்ள வவுத்தப் பத்தி ஊரு பேசும். என் கண்ணப் பத்திப் பேசிட்டுப் போவட்டும்" என்றார்.

அந்தக் கட்டிலில் நாலரை மாதம் உன் பெண்டாட்டி கிடந்தாள். இன்னொரு தடவை படுத்து எழுந்தால் ஆயிற்று என்றாயே, ஒரே ஒரு நாள் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்துப் படுத்துப் பார். குடிக்கிற தண்ணீர் மூக்குக்கு ஏறும். சோறு நெஞ்சிலேயே நிற்கும். முகம் வீங்கும், முதுகுத் தோல் கன்றும். இடப்பக்கம் திரும்பவும் வலப்பக்கம் திரும்பவும் நானும் இன்னொரு ஆளும் பிடிக்கவேண்டும். வத்தல்மலைப் பெண்கள் கூடையில் கொண்டுவரும் நெல்லிக்காயைத் தின்று தின்று பல் கூசிப்போயிற்று, ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சும்மா கிடக்கமாட்டேன் என்று ஒருக்களித்துப் படுத்தபடியே புளி உடைத்துக் கொட்டை எடுத்தாள். அந்த வருஷம் இந்தத் தெருவில் யார் வீட்டுக் குழம்பில் போட்டதும் அவள் கை பட்ட புளிதான். மலம் ஜலம் எடுக்க நான் சட்டி வைக்கும்போதுதான் அழுவாள். "உங்க கையால இதெல்லாம் செய்ய வெக்கிறனே அத்தே." "ஏன், என் பையனுக்கு எடுக்கலியா? அவன் உன்னவிட நாத்தம்" என்பேன். சிரிப்பாள். சிரித்தால் வயிறு குலுங்குமே என்று உடனே வாயைப் பொத்திக்கொள்வாள்.

ஏழாம் மாதம் பிறந்த அன்றைக்கு அவளுக்குச் சடை பிரித்துத் தலை வாரிக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, "அத்தே, ஓட்டைப் பானை இன்னும் தாங்குதுங்களே" என்றாள். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் குறும்புகூட இருந்தது. என் கையில் சீப்பு நின்றுவிட்டது. முறச் சத்தம் நின்றதே, அது மாதிரி. அவ்வளவு நாளும் அந்த வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டே எனக்குச் சோறு பரிமாறியிருக்கிறாள். "நான் சொன்னது தப்பு கண்ணு. என் வாய்தான் ஓட்டை" என்றேன். "தெரியுங்க அத்தே. வாருங்க, சிக்கு இழுக்குது" என்றாள். மகனே, மருமகளிடம் மன்னிப்புக் கேட்டதாக நம் வீட்டுப் பெண்கள் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் கேட்டேன். அதை உனக்குச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எட்டு மாதம் முடிகிற சமயம், காலையில் ஆட்டுக்கல்லில் மாவரைத்துக்கொண்டிருந்தேன். "அத்தே, வலிக்குது" என்றாள். வலி என்ற வார்த்தையை அவள் வாயால் அதுவரை கேட்டதில்லை. சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. தையல் ஞாபகம் வந்தது. அப்பா தெருவுக்கு ஓடினார், மாணிக்கத்தின் லாரிதான் நின்றது. அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கொண்டுபோக முடியாது என்றதும், கட்டிலோடு தூக்கி ஏற்றிவிட்டார்கள், தலைமாடு முன்பக்கம். நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் கட்டிலைப் பிடித்துக்கொண்டோம். விஷயம் தெரிந்ததும் மாணிக்கம் தேர் இழுக்கிற மாதிரி ஓட்டினான். வழியில் மேடு வந்தது. லாரி ஏற ஏற, முன்பக்கம் உயர, எங்கள் கோணல் கட்டில் மெல்ல மெல்லச் சரியாகித் தரை மாதிரி ஆகிவிட்டது. அப்பா முன்னால் எட்டிக் கத்தினார்: "டேய் மாணிக்கம், இப்ப வெச்சுப் பாருடா ரசமட்டத்த!" வலியின் நடுவில் சரசு சிரித்தாளே, அந்தச் சிரிப்பை நீ பார்க்கவில்லை.

டாக்டரம்மா தையலைப் பிரித்தார். மதியம் காமு பிறந்தாள். ஐந்து பவுண்டுகூட இல்லை, குரல் மட்டும் ஜோலார்பேட்டை ரயிலுக்குப் போட்டியாக இருந்தது. பிறகு சரசுவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு நாள் எங்களை ஆட்டிவைத்தது. பசை நெகிழ்ந்த உடம்பில் அதுவும் நடக்குமாம். அதை உனக்கு எழுதவேண்டாம் என்று சொன்னவள் அவளே. நாற்பதாம் நாள் நீ வந்து, பெண் என்று முகம் சுளிக்காமல், பிள்ளையை மார்மேல் போட்டுக்கொண்டு தூங்கினாய். அன்றைக்கு உன்னைப் பெற்றதற்கு நான் பெருமைப்பட்டேன். அன்றைக்குப் பார்த்த மகன்தான் நீ என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது இது: "இன்னொரு பிள்ளை பெறக் கூடாதுன்னு நான் சொல்லலை. ஆனா ஒவ்வொரு தடவையும் இதே பாடுதான், இதே ஆபத்துதான். வேணுமா வேண்டாமான்னு அந்தப் பொண்ணு சொல்லட்டும்." ஆகவே அத்தைக்கு நீ எழுதும் பதிலை அவளிடம் கேட்டு எழுது. வேண்டும் என்று அவள் சொன்னால் நான் ரயிலேறிப் பம்பாய்க்கு வருவேன், சட்டி எடுப்பேன், தலை வாருவேன். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை உன் வாயும் எடுக்கக் கூடாது, உன் முகமும் காட்டக் கூடாது. உளி பிடிக்கப் பையன் வேண்டுமாம் அத்தைக்கு. காமு நேற்று இழைப்புளியை இரண்டு கையாலும் தள்ளி ஒரு சுருள் எடுத்தாள், அப்பா அதை வெற்றிலைப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

இந்தக் கடுதாசியோடு பழைய மருந்துச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன், பின்பக்கம் கொலாஜன் என்று எழுதியிருக்கும். இரண்டையும் பத்திரமாக வை. காமுவின் விரலும் பின்னால் வளைகிறது. சின்னப் பிள்ளைகள் எல்லோருக்குமே வளையும், பெரியவளானால்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொல்கிறார். தெரியும்போது நான் இருக்கமாட்டேன். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்படும் அன்றைக்கே இதைப் படிக்கக் கொடு. அவளை ஒருத்தியும் என்னத்தத் தூக்கினாய் என்று கேட்கக் கூடாது.

நேற்று அப்பா பரணிலிருந்த கட்டிலைப் பார்த்துவிட்டு ரம்பத்தை எடுத்து வந்தார். "நீதான் பம்பாய் போறயே கண்ணு. அந்த ரெண்டு காலயும் ஒரு சாண் அறுத்துட்டா நாங்களாவது படுக்கலாமில்ல?" என்று சரசுவைக் கேட்டார். அவள் புளிக்கூடையை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துபோய், ரம்பத்தை அவர் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"அறுக்காதீங்க மாமா. எனக்கில்ல. காமுவுக்கு வேண்டியிருந்தா இருக்கட்டும்" என்றாள்.

நீ எழுதிய கட்டில் யாருக்கு என்று அவள் சொல்லிவிட்டாள்.

உன் அம்மா